வக்கீலக்காவும் ஒரு நிமிட அம்மையும்

வக்கீலக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போய்ச் சேர்ந்த மனிதப் பிறவி கிடையாது. ஒருநாள் தாமதமாக வந்த கம்பெனி பஸ் டிரைவரே, டயர் பஞ்சரானதற்குச் சாட்சியாக பஞ்சர் கடைக்காரரை ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கா சட்டம் படித்தவரல்ல. காருக்கு ஒயர் கட்டும் லைனில் எங்களோடு வேலை பார்ப்பவர்.

போன வருடம் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. புதிதாகச் சேர்ந்த தென்காசிப் பெண் ஒருத்தி பஸ்ஸில் என் பக்கம் குனிந்து, "எந்த கேட்டுல இறங்கணும்க்கா?" என்று கேட்டாள். சொன்னேன். பின்னால் போய்விட்டாள். மறுநாள் காலை, அவளுக்கு அம்மை போட்டிருப்பதாக ஹாஸ்டலிலிருந்து செய்தி வந்தது.

மொத்த பஸ்ஸும் என் வயிற்றைப் பார்த்தது. நான் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். "ஒரு நிமிசம் பேசினதுக்கெல்லாம் ஒட்டாது" என்றது முன் சீட்டு. "ஏசி பஸ்ஸு, காத்துலயே பரவும்" என்றது பக்கத்து சீட்டு.

வக்கீலக்கா எழுந்தார். "எல்லாரும் வாய மூடுங்க. ஏம்மா, அவ மூஞ்சி உன்னாண்ட எவ்ளோ கிட்ட வந்துச்சு?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா இன்னா அர்த்தம்? நடிச்சுக் காட்டு."

ஓடும் பஸ்ஸில் எங்கள் சூப்பர்வைசரை அந்தப் பெண்ணாக நிற்கவைத்தார். "இன்னும் குனிங்க சார், வெக்கப்படாதீங்க." அந்த மீசைக்காரர் கீச்சுக் குரலில், "எந்த கேட்டுல இறங்கணும்க்கா?" என்றபோது பயத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது. "சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டுதா?"

எனக்கு நினைவில்லை. அக்கா என் போனைப் பிடுங்கி, பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் என் அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்.

"போட்டுது... இல்ல, அது தம்பிக்குன்னு நெனக்கிறேன்" என்றார் அம்மா.

"நெனக்கிறதெல்லாம் சாட்சி ஆவாதும்மா. யாருக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஊத்துனேன். ஒண்ணு அழுதுச்சு."

"அழுதது யாரு?"

அம்மா போனை வைத்துவிட்டார்.

"சாட்சி பல்டி அடிச்சிருச்சு. வா, டாக்டராண்ட போலாம்." தன் ஷிப்டையும் விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வழியிலேயே இறங்கினார்.

"கொஞ்ச நேரம் பேசினாலும் ஒட்டலாம். ஆனா முன்னாடியே வந்திருந்தா பெரும்பாலும் திரும்ப வராது. ரத்தத்தப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றார் டாக்டர். அவரையும் அக்கா குறுக்கு விசாரணை செய்தார். டாக்டருக்கு வியர்த்தது.

எனக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதாக ரிசல்ட் வந்தது. நான் அழுதேன். "கேஸ் தள்ளுபடி" என்றார் அக்கா.

இரண்டு வாரம் கழித்து அக்கா பஸ்ஸுக்கு வரவில்லை. உடம்பெல்லாம் அம்மை. என்னிடம் கேட்டைக் கேட்டுவிட்டுப் பின்னால் போன அன்று, அந்தத் தென்காசிப் பெண் பின் சீட்டில் அக்காவின் தோளில் சாய்ந்துதான் ஒரகடம்வரை தூங்கியிருக்கிறாள்.

இளநீர் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு டாக்டராண்ட உங்களப் பத்தியும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா?"

"நானா புள்ளத்தாச்சி? போடி. முதுகுதான் அரிச்சுக்கினே கீது."

வேப்பங்கொத்தை எடுத்து அவர் முதுகை மெல்லத் தடவிவிட்டேன். அவர் தூங்கிப்போன பிறகும் எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.