மாமியார் மேல் விழுந்த மர்மலேடு

ரொட்டித் துண்டிலிருந்து ஒரு சொட்டு மர்மலேடு, அதாவது ஆரஞ்சுப் பழ ஜாம், நழுவி முந்நூறு வருஷப் பழைய நாடகப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நூலகத்தில் திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருந்த ஆப்ரி பின்னக் மிச்ச ரொட்டியைச் சட்டைப் பைக்குள் திணித்தார். அந்த நூலகத்தில் மைக்கூடு கொண்டுவந்தாலே வாசலைக் காட்டிவிடுவார்கள். தின்பண்டம் என்றால் கேட்கவே வேண்டாம், ஆயுசுக்கும் உள்ளே கால் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் ஆதியில் அச்சான நாடகங்களைப் பிரதி பிரதியாகப் பார்த்து ஒரு விவரப் பட்டியல் தொகுப்பதுதான் அவர் வாழ்க்கை. கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை, நேரம் எங்கே? அந்தப் பட்டியல் அச்சுக்குப் போகிற சமயத்தில் இப்படியா? அதுவும் 'மாவு மில்காரன் மாமியார்' மேல். எந்த நூலகப் பட்டியலைப் புரட்டினாலும் உலகத்தில் ஒரே பிரதி அது.

நல்லவேளையாக, புத்தகம் எடுத்துக் கொடுக்கும் டோசர் முதுகைக் காட்டிக்கொண்டு கணப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னக் கைக்குட்டையால் துடைத்தார். சொட்டு பட்டையாயிற்று. எச்சில் தொட்டுத் துடைத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

ஒரு பிரதியில் கறை, ஓட்டை, கிழிசல் எது இருந்தாலும் பட்டியலில் எழுதியாக வேண்டும் என்பது தொழில் தர்மம். பின்னக் தர்மம் தவறாதவர். 'முதல் பக்கத்தில் பழைய கறை' என்று எழுதி அனுப்பிவிட்டார். 'பழைய' என்பதில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

அச்சுப்படியைச் சரிபார்ப்பவள், பட்டியலை வெளியிடும் புத்தக ஆய்வுச் சங்கத்து மிஸ் லாத்பரி. நேரே வந்து நின்றாள்.

"போன வசந்தத்துல நானே அந்தப் பக்கத்தைப் பாத்தேன், மிஸ்டர் பின்னக். பளிச்சுன்னு இருந்துச்சு."

இந்தத் தொழில்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பேர் பார்த்தது ஒத்துப்போகவில்லை என்றால், ஒருவர் புளுகுகிறார் என்று தோன்றாது. பிரதி இரண்டு என்றுதான் தோன்றும். பின்னக் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் பாத்தது வேற பிரதி."

லாத்பரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இன்னொண்ணு இருக்கா? எங்க?"

"ஒரு பிரபு வீட்டுல. பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். சங்கம் குதூகலித்தது. பின்னக்குக்கு மாட்டிறைச்சி வறுவலோடு விருந்து வைத்தார்கள். அவர் ஆரோக்கியத்தை வாழ்த்தி எல்லோரும் எழுந்து நின்று ஒயின் குடித்தார்கள். கிறிஸ்துமஸ் கண்காட்சியில் இரண்டு 'மாமியார்'களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்று கைதட்டலோடு முடிவாயிற்று. பிரபு யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார் என்று சொல்லிப் பார்த்தார் பின்னக். சங்கமே திரண்டு போய்க் கெஞ்சுவோம் என்றார்கள். வேறு வழி தெரியாமல் பிரபுவைச் சாகடித்தார்.

மறுநாளே லாத்பரி கறுப்பு உடையில் வந்தாள். மலர்வளையம் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், வாரிசு யார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னக்கால் மேற்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. பட்டியல் போனால் போகிறது, புத்தகத்தை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கக்கிவிடுவோம் என்று அவளை நூலகத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். டோசரிடம் 'மாமியாரை'க் கேட்டார். தீர்மானம் பண்ணியதே மனசுக்குப் பாதி நிம்மதியாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஸ் லாத்பரி, உண்மை என்னன்னா..."

டோசர் இன்னும் நகரவில்லை.

"எதைக் கொண்டு வரட்டும் சார்? இந்த அம்மாவுக்குக் குடுக்கிற சுத்தமானதையா, இல்ல, ரொட்டி தின்னுக்கிட்டே படிக்கிறவங்களுக்குன்னு நாங்களா பட்டியல்ல ஏத்தாம கீழ ஒளிச்சு வச்சிருக்கோமே ரெண்டாவது பிரதி, உங்களுதையா?"