நான்காம் பாகத்து இளவரசி

"மேடம், உங்க குரல்ல பயமே இல்ல" என்றார் டைரக்டர், ஃபோனில். "அரக்கன் உங்களைக் கோட்டையில சிறை வெச்சிருக்கான். சுத்தி நெருப்பு. நீங்க என்னடான்னா குழாய்ல தண்ணி வரலைன்னு புகார் சொல்ற மாதிரி பேசறீங்க."

டப்பிங் அக்காவுக்குச் சுருக்கென்றது. தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் மூன்று பாகமாக இளவரசிக்குக் குரல் கொடுப்பவள் அவள்.

விளையாட்டின் கதை ரொம்பச் சுலபம். அரக்கன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போவான், வீரன் போய் மீட்டு வருவான். முதல் பாகத்தில் தூக்கியது அரக்கன். இரண்டாம் பாகத்தில் அவன் தம்பி. மூன்றாம் பாகத்தில் மறுபடியும் அரக்கனே, இந்த முறை இறக்கை வைத்துக்கொண்டு. "இத்தனை தடவை ஆச்சே சார், அந்த அரண்மனைக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போட மாட்டாங்களா?" என்று அவள் ஒருமுறை கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் டைரக்டர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீரனுக்கு வாள் உண்டு, வில் உண்டு, பறக்கும் குதிரை உண்டு, பக்கம் பக்கமாக வசனமும் உண்டு. இளவரசிக்கு இருப்பது மொத்தமே மூன்று வரி. "யாராவது காப்பாத்துங்க!" "கதவைத் திறங்க!" "மூச்சு முட்டுது!" இப்போது அதற்கும் ஆபத்து.

"நாலாம் பாகத்துக்கு சாயங்காலத்துக்குள்ள நல்லதா ஒண்ணு அனுப்புங்க. இல்லேன்னா மெஷின் குரலை வெச்சு முடிச்சுடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார் டைரக்டர்.

மெஷின் குரல்! இந்த இளவரசியும் கைவிட்டுப் போனால், அவள் குரல் மிச்சம் இருப்பது ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டில்தான். 'கதவு மூடுகிறது, கதவு திறக்கிறது.' அதுவும் என்றைக்கோ பேசிக் கொடுத்தது. லிஃப்ட் இனிமேல் புதுசாக எதுவும் சொல்லப் போவதில்லை.

"கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

இவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று உடையும். மற்றபடி நல்ல மனிதர். மூன்று பாகத்தையும் ஆடி முடித்து, இளவரசியைத் தன் கையாலேயே மீட்டவர். பெண்டாட்டியின் குரல் திரையிலிருந்து "காப்பாத்துங்க!" என்றால் போதும், நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அதே குரல் சமையலறையிலிருந்து "குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்றால் மட்டும் காதில் விழாது.

ஹாலில் பேசினால் எதிரொலித்தது. படுக்கையறையில் ஃபேன் இரைந்தது. ஃபேனை நிறுத்தினால் தெருவில் ஹாரன். கடைசியில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாயிற்று. ஆள் நுழையும் உயரத்துக்கு, ஒற்றைக் கதவு போட்ட பெரிய மர அலமாரி. தொங்குகிற துணியெல்லாம் சத்தத்தை வாங்கிக்கொள்ளும், குரல் சுத்தமாகப் பதிவாகும். மைக்கை உள்ளே வைத்து, ஒயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்து, கட்டிலில் இருந்த லேப்டாப்பில் செருகினார்கள்.

அங்கே ஒரு சிக்கல். அலமாரிக் கதவு மூடினால் மூடியபடி நிற்கவில்லை. அவள் "யாராவது" என்று ஆரம்பிப்பதற்குள் 'ங்ங்ஙீ' என்று அதுவே திறந்துகொண்டது.

"இவ்வளவுதானே?" என்று கிளம்பினார் வீட்டுக்காரர். எங்கேயோ கிடந்த ஒரு தாழ்ப்பாளைத் தேடி எடுத்து, வெளிப்பக்கம் வைத்து, கையில் அகப்பட்டதிலேயே பெரிய ஸ்க்ரூவாகப் பார்த்து முடுக்கினார். யானையைக் கட்டினாலும் தாங்கும் என்று கதவைத் தட்டிக் காட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் அவள், உள்ளே ஏறிக்கொண்டே. "நான் என்ன கத்தினாலும் திறக்கக் கூடாது. நேத்து நல்ல இடத்துல ரூம் கதவைத் திறந்து 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டீங்களே, அது மாதிரி ஆகக் கூடாது. முடிஞ்சதும் உங்களுக்கு ஃபோன் பண்றேன். அப்பத் திறந்தாப் போதும்."

"உயிரே போனாலும் திறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்து தாழ்ப்பாளைப் போட்டார்.

உள்ளே ஒரே புழுக்கம். ஃபோனை டார்ச்சாக எரியவிட்டு, அடியில் கிடந்த ஏதோ ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து அவள் கத்தினாள். கெஞ்சிக் கத்தினாள், அழுது கத்தினாள், இழுத்துக் கத்தினாள். எப்படிக் கத்தினாலும் குழாயில் தண்ணீர் வராத மாதிரிதான் இருந்தது. போதும், இதற்குமேல் நம்மால் ஆகாது என்று ஃபோனை எடுத்தாள். அது ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

கும்மிருட்டு.

"ஏங்க! முடிஞ்சது! கதவைத் திறங்க!"

வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் லேப்டாப் திரையில் கோடுகள் துள்ளுவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டீச்சர் கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, அக்கா கத்தற சத்தம் கேக்குது! யாரு உள்ள?"

"ஸ்ஸ்! ரெக்கார்டிங்" என்று கிசுகிசுத்தார் அவர். "உக்காந்து கேளுங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

டீச்சர் துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மூச்சு முட்டுது!" என்றது அலமாரி.

"அடடா" என்றாள் டீச்சர் மெதுவாக. "நிஜமாவே முட்டற மாதிரி இருக்கே."

"நிஜமாத்தான் முட்டுது! இது நடிப்பில்லைங்க!"

"பாத்தீங்களா? இது வசனத்துலயே கிடையாது. சொந்தமாப் போட்டுப் பேசறா." வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள், காலால் உதைத்தாள். "காது அடைச்சுப் போச்சா? மரமண்டை! மரமண்டை!"

"இளவரசி இப்படியா பேசுவா?" என்றாள் டீச்சர்.

"நாலாம் பாகமாச்சே. கொஞ்சம் மாத்தியிருப்பாங்க."

அவளுக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்தது. அவள் பிழைப்பே காப்பாற்றச் சொல்லிக் கத்துவது. அதனால் அவள் இன்றைக்குக் காப்பாற்றச் சொல்லிக் கத்தினால் நம்ப ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் வீட்டு விஷயத்தை எடுத்து வெளியே விட்டாள்.

"மூணாம் பாகம் வந்த அன்னிக்கு ஆடணும்கறதுக்காக, காய்ச்சல்னு ஆபீஸுக்குப் பொய் சொன்னவர்தானே நீங்க! மேனேஜர் பாக்க வந்தப்ப வெந்நீர்ப் பையை நெத்தியில வெச்சு, போர்வைக்குள்ள முனகினவர்தானே! இப்பத் திறக்கறீங்களா, மிச்சத்தையும் சொல்லட்டுமா?"

டீச்சர் மெல்லத் திரும்பினாள். "இது கதையில எந்த இடத்துல வருது?"

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, டீச்சர்! நிஜமாவே கத்தறா!"

பாய்ந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்தார். அவள் உதைத்த உதையில் அது வளைந்து இறுகியிருந்தது. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். தாழ்ப்பாளின் பிடி மட்டும் கழன்று கையோடு வந்தது.

"பயப்படாதே! நான் இருக்கேன்! நான் உன்னைக் காப்பாத்தறேன்!"

"நீங்க ஒண்ணும் காப்பாத்த வேணாம். ஸ்க்ரூட்ரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழட்டுங்க!"

"ஸ்க்ரூட்ரைவர் எங்கே?"

"வேலை செஞ்சவர் நீங்க. எங்கே வெச்சீங்க?"

"டூல்ஸ் பெட்டியிலதான் வெச்சேன்" என்றார், குரல் இறங்கி. "பெட்டியை அலமாரிக்குள்ள வெச்சேன்."

இவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்திருந்ததே அதன் மேல்தான்.

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பாகமாகச் சிறையில் கிடந்தாளே இளவரசி, சிறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாளாவது தேடிப் பார்த்தாளா? எங்கே, வசனம் எழுதுகிறவர் தேட விட்டால்தானே! அவள் பெட்டியைத் திறந்தாள். துழாவி ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். கீலைத் தடவிக் கண்டுபிடித்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்ற ஆரம்பித்தாள். கை வலித்தது. ஆனால் கத்திக்கொண்டிருந்ததைவிட இது எவ்வளவோ தேவலை என்று இருந்தது.

"தள்ளி நில்லுங்க! கதவு விழப் போகுது!"

"நீ விடு, நான் தாங்கிக்கறேன்!"

"வேணாம்னு சொல்றேனே!"

"வீட்ல ஆம்பளைன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

கடைசி ஸ்க்ரூ கழன்றது. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. கதவு முழுசாக அவர் மேல் சாய்ந்தது. அவரும் கதவும் தரையில்.

"ஐயோ! செத்தேன்! யாராவது வாங்களேன்! மூச்சு முட்டுதே! என்னைத் தூக்குங்களேன்!" கதவுக்கடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது.

அவள் வெளியே வந்தாள். தலைவிரி கோலம், தோளில் மாட்டிக்கொண்ட கோட்டு, கையில் ஸ்க்ரூட்ரைவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, குரல் கரகரவென்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருமையில் கூப்பிடாதவள் அன்றைக்குக் கூப்பிட்டாள்.

"அசையாதே! அசைஞ்சா எலும்பு நொறுங்கும்! இன்னிக்கு என் கையிலேர்ந்து உன்னை எவனும் காப்பாத்த முடியாது!"

"ஐயோ, வேணாம்! விட்டுடு!"

திட்டிக்கொண்டே குனிந்து கதவின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை டீச்சர் பிடித்தாள். தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அவருக்கு நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அவள் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"கை காலை ஆட்டுங்க. வலிக்குதா? எழுந்திருக்க முடியுதா?" மறுபடி மரியாதை வந்துவிட்டது. கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி நெற்றியில் வைத்து அழுத்தினாள். அப்படியே தன் ஃபோனையும் சார்ஜில் போட்டாள். "நல்லவேளை. கண்ணுல படலை. நல்லவேளை."

"நீதான் என்னைக் காப்பாத்தினே" என்றார் அவர், அசடு வழிய.

"சரி சரி, வாங்க. முதல்ல பேசினதை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பிடலாம். சுமாராத்தான் இருக்கும். என்ன பண்றது?"

படுக்கையறையில் டீச்சர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நான் அனுப்பிட்டேங்க்கா! 'டைரக்டர் அவசரப்படறார், இருக்கறதை அனுப்புங்க'ன்னு ஸ்டுடியோவிலேர்ந்து மெசேஜ் வந்துது. நீங்க வேற ஐஸ் வெச்சுக்கிட்டு இருந்தீங்க."

"எதை அனுப்பினீங்க?"

"எல்லாத்தையும்தான். பசங்களுக்கு நான் சொல்லித் தர்றதே அதானே, எதையும் அரைகுறையாக் கொடுக்கக் கூடாதுன்னு."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மரமண்டை, வெந்நீர்ப் பை, கதவு விழுந்த சத்தம் எல்லாம் இந்நேரம் டைரக்டர் காதில். போச்சு. எல்லாம் போச்சு.

"என்னாலதான்" என்றார் வீட்டுக்காரர்.

"வெறும் கத்தற வேலைதான், தெரியும்" என்றாள் அவள். "இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருந்துதுங்க. எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தர் என் குரலைக் கேட்டுட்டு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வர்றாங்க. அது யாருக்குக் கிடைக்கும்?"

அவர் 'நான் இருக்கேன்' என்று சொல்ல வாயெடுத்தார். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சமையலறையில் ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்கிற சவுண்ட் தம்பி. ஸ்பீக்கரில் போட்டாள். மற்ற இருவரும் பின்னால் வந்து நின்றார்கள்.

"அக்கா! எங்க போயிட்டீங்க? இங்க டைரக்டர் தலைகால் புரியாமக் குதிக்கறார்!"

"தம்பி, அது வந்து, அந்த ஃபைல்ல கடைசியில கொஞ்சம்..."

"கடைசியிலதான்க்கா விஷயமே! மூணு பாகமாத் தேடின பயம் இப்பத்தான் கிடைச்சுதுங்கறார். மெஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம், இளவரசி இதுதான்னு மேலிடத்துலயும் சொல்லி முடிச்சுட்டார்."

தம்பி வயிற்றில் பாலை வார்த்தான். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, மறுபடி துடைத்துக்கொண்டாள். டீச்சர் கையைத் தட்டினாள். வீட்டுக்காரர் ஐஸ் துணியை நெற்றியில் பிடித்தபடியே, "நான் அப்பவே சொல்லல?" என்றார். அவர் எப்போது என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

"டைரக்டருக்கு ரொம்ப ரொம்ப தாங்க்ஸ்னு சொல்லுப்பா. நாளைக்கே வந்து மிச்சத்தையும் பேசிக் கொடுத்துடறேன்."

"வாங்கக்கா, அரக்கனுக்கு நிறைய வசனம் இருக்கு, உங்களை மாதிரி அரக்கனுக்கு இதுவரைக்கும் யாருமே பேசினதில்லைன்னு டைரக்டரே சொல்றார். வரும்போது, இளவரசிக்குப் பேசுச்சே அந்தப் பொண்ணு, அதையும் கையோட கூட்டிட்டு வந்துடுங்க."