பன்னிரண்டு சாண்

படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரிடமும் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கும். அது எப்போதும் வீட்டில்தான் இருக்கும். யாராவது தாளை நீட்டினால், "அடடா, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே" என்போம். அந்தக் கண்ணாடி நாற்பது வருடம் என் மானத்தைக் காப்பாற்றியது. ஒரே ஒரு சனிக்கிழமைதான் காலை வாரிவிட்டது. (இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகள் தேவி. அவள் சிரித்து முடித்தால்தான் அடுத்த வரி.)

அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. மலேசியாவில், கிள்ளான் ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், ஒரு கொட்டகையில் பாலேட் அடித்தவள். பாலேட் என்றால் கப்பல் சரக்கை அடுக்குகிற மரத்தட்டு. உடைந்து வருவதைச் சரிசெய்வது என் வேலை. அந்தக் கொட்டகையில் நான் ஒருத்திதான். பலகையைச் சாணால் அளப்பேன், அறுப்பேன், ஆணி அடிப்பேன். நான் அடித்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை என் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும்.

சாரணர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாலதி டீச்சர் ஒருநாள் தேத்தண்ணியைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன டீச்சர், முகம் வாடிக் கெடக்கு?"

"மரவேலை சொல்லிக்குடுக்க வரேன்னு சொன்ன தச்சருக்கு டெங்கி, ஆன்டி. பன்னெண்டு பிள்ளைங்க பேட்ஜுக்குக் காத்திருக்காங்க. எல்லாம் ஆறாம் ஆண்டு. அடுத்த வருஷம் செகண்டரி போயிருவாங்க. இப்ப விட்டா அவ்வளவுதான்."

"இதுக்குத் தச்சர் எதுக்கு? நான் இருக்கேன்லா."

"உங்களுக்குத் தெரியுமா ஆன்டி?"

"டீச்சர், நான் அடிச்ச ஆணி ஜப்பான் வரைக்கும் போயிருக்கு."

டீச்சர் முகம் மலர்ந்து ஒரு தாளைக் கொடுத்தார். நாலு கால் ஸ்டூல் படம் ஒன்று. சுற்றிலும் மலாய் எழுத்து, அங்கங்கே எண்கள். மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, பேசுவதற்கு. எழுத்தில் பார்த்தால் எறும்பு வரிசைதான். "கண்ணாடி வீட்டுல இருக்கு டீச்சர், போய்ப் பார்த்துக்கிறேன்" என்று மடித்து வைத்துக்கொண்டேன். வீட்டில் தேவியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஆணி அடித்தவள், மரவேலைக்கு பேங்க் கிளார்க்கிடமா யோசனை கேட்பாள்? தாளை அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை, பள்ளி மண்டபம். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஸ்டூல் மூன்று. ஆளுக்கு ஒரு கால் என்று பிரித்துக் கொடுத்தேன். சண்டை வராது பாருங்கள். (என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.)

யாழினி என்று எலிக்குஞ்சு மாதிரி ஒரு பெண். ரூலரும் கையுமாக வந்து நின்றாள். "ஆன்டி, எத்தன சென்டிமீட்டர்?"

"ரூலர உள்ள வை. சாமி கைய எதுக்குக் குடுத்திருக்கு? ரெண்டு சாண், நாலு விரல். அளந்து கோடு போடு."

விரலை விரித்துக் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நான் வரிசையாக நடந்து, யார் விரலும் ரம்பத்துக்குப் போய்விடக் கூடாதே என்று அறுக்கிற கையையே பார்த்தேன். அளக்கிற கையைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சோதனை. மாவட்டத்திலிருந்து ஒரு சாரணர் அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். நாங்கள் எட்டு மணிக்கே தொடங்கினோம். உட்காரும் பலகையைக் கவிழ்த்து வைத்து, அடிச்சட்டத்தில் கால்களை அடித்தோம். கால்கள் மேலே பார்த்து நின்றபோது ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தெரிந்தது. மண்டபத்தின் தரை கோணல் என்று நினைத்துக்கொண்டேன். கட்டடம் கட்டியவனைக்கூட மனதுக்குள் திட்டினேன்.

பிறகு முதல் ஸ்டூலைத் திருப்பி வைத்தோம். அது சுவரோரம் நிற்கிற நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஆன்டி, தர்ஷன் கால்தான் நீளம்" என்றது ஒரு குரல். தர்ஷன் அந்தக் கூட்டத்திலேயே உயரமான பையன். அவன் காலைக் கொஞ்சம் அறுத்தேன். உடனே ஸ்டூல் அந்தப் பக்கம் சாய்ந்தது. எதிர்க்காலை அறுத்தேன். இந்தப் பக்கம் சாய்ந்தது.

"ஆன்டி, போதும் ஆன்டி."

"இன்னும் ஒரு விரக்கடைதான் இருடா."

பத்து மணிக்கு அது ஆடாமல் நின்றது. உண்மை. ஆனால் அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். மற்ற இரண்டையும் தொடவே எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அதிகாரி இரண்டு மூட்டை அரிசியை மேலும் கீழும் அடுக்கியது போல இருந்தார். ஆடுகிற ஸ்டூலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். டொக். முன்னால் சாய்ந்தார். டொக். பின்னால் சாய்ந்தார். ஒரு ஆணிகூட அசையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எழுந்து யாழினியைக் கேட்டார்.

"எவ்வளவு அளந்தீங்க?"

"ரெண்டு சாண், நாலு விரல், சார்."

"யாரு சாண்?"

பன்னிரண்டு பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள்.

விரித்த பன்னிரண்டு கைகள். தர்ஷன் கை வாழை இலை, யாழினி கை வெற்றிலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டகையில் அளக்க என் கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எல்லார் தோளிலும் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அதிகாரி தன் கையிலிருந்த ஸ்டூல் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அளவே தப்பா இருக்கு, டீச்சர். பேட்ஜ் எப்படிக் குடுக்கிறது?"

யாழினி தூக்கிய கையை மெல்ல இறக்கினாள். என் பெருமை எல்லாம் அந்தக் கையோடு இறங்கிவிட்டது.

"சார், பிள்ளைங்க மேல தப்பில்ல. நான் அந்தத் தாளப் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது. கண்ணாடின்னு சொன்னது பொய். என்கிட்ட கண்ணாடியே இல்ல."

மாலதி டீச்சர் தரையைப் பார்த்தார். தர்ஷன்தான் வாயைத் திறந்தான்.

"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல ஆன்டி? நாங்க படிச்சிக் காட்டிருப்போமே. எங்களுக்குத்தான ஆணி அடிக்க வரல."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் வயிறு குலுங்கியது. "சரி, ரெண்டு வாரம் டைம் தரேன். இந்தத் தடவ ரூலர்" என்றார். புதுக் கால்கள் அறுத்தோம். யாழினி தாளைப் படித்தாள், தர்ஷன் கோடு போட்டான், நான் ஆணி பிடித்துக் காட்டினேன். மூன்று ஸ்டூலும் கல்லுப் போல நின்றன. பன்னிரண்டு பேருக்கும் பேட்ஜ் கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது வேறு. வீட்டில் மருமகனிடம், "ஒரு கைப்பிடி பருப்பு போடுங்க" என்றால், "யாரு கை, அத்தை?" என்கிறார். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்வதில்லை, கையை விரித்துக் காட்டுவார்கள். போன மாதம் மீன் பாசாரில், அதான் சந்தையில், தர்ஷன், இப்போது மீசை வைத்த ஆள், கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினான். நானும் சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தேன்.

மீன்காரர் ஐந்து கிலோ கெம்போங் மீனை நிறுத்து, பையில் கட்டி நீட்டினார். நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர், "வீட்டுல விசேஷமா அக்கா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.