அக்காவை வரவழைக்க ஆறு வாரத் திட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அப்பா சௌக்கியம், அம்மா சௌக்கியம். நான் சனிக்கிழமை வரைக்கும் சௌக்கியம், அதற்கப்புறம் தெரியாது. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்கே தெரியும். நான் இங்கே தும்மினால் அப்பா அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்துகிறார். அதனால் எல்லோரும் தூங்கினபின் சமையலறையில் கவிழ்த்த வாளியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் வாளியைக் கோபித்துக்கொள்.

இந்த வருஷம் எங்களுக்குத் திட்ட மேலாண்மை என்று ஒரு புதுப் பாடம் வந்திருக்கிறது. கணக்குப்பதிவியல் மிஸ்தான் நடத்துகிறார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வீட்டிலோ தெருவிலோ ஒரு நிஜ வேலையை எடுத்து ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும். என்ன வேலை, எதற்காக, யார் பொறுப்பு, என்றைக்குள், எது கெட்டுப்போகலாம், கெட்டால் என்ன செய்வது என்று சார்ட்டில் கட்டம் போட்டு எழுத வேண்டும். என் ஜோடி ஒட்டடைக்குச்சி. நம் வீட்டுக் கதவில் குனிந்து வருவாளே, அவள்தான். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, சைக்கிள் நிறுத்தக் கோடு போடுவது என்று புத்தியோடு எடுத்தார்கள். நான் உன் அறையைக் காலி செய்வது என்று எழுதினேன்.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ லிப்ட் கம்பெனி வேலைக்குப் போன எட்டு மாதத்தில் உன் அறை மோட்டார் கிடங்காகிவிட்டது. மோட்டார் ரிப்பேர் கடையில் இடமில்லை என்று அப்பா முதலில் ஒன்று கொண்டுவந்து வைத்தார், அதற்குத் துணையாக இன்னொன்று, அப்புறம் வம்சமே வந்துவிட்டது. நான் எண்ணும்போது பதினாறு. உன் தலையணை இருந்த இடத்தில் ஒன்றரைக் குதிரைச்சக்தி மோட்டார் ஒன்று மல்லாந்து படுத்திருக்கிறது. கதவைத் திறந்தால் வார்னிஷ் வாசனை அடிக்கிறது. கடையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிவிட்டு நீ வரும்போதும் உன்மேல் அதே வாசனைதான், அதனால் சில நாள் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன்.

மிஸ் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "காலி அறை ஒரு முடிவாம்மா? அந்த அறையில யாரு என்ன பண்ணப் போறாங்க? அதை எழுது" என்றார். நான் அடித்துவிட்டு, "அக்கா தன் கட்டிலில் தூங்க வேண்டும்" என்று எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் சரி போட்டார். அந்த ஒரு சரியில் எனக்கு ஏதோ மேலிடத்து உத்தரவே வந்துவிட்ட மாதிரி தைரியம் வந்துவிட்டது. எல்லாம் அங்கிருந்து ஆரம்பித்த வினைதான்.

ஒரு நாளில் முடியாத வேலையைச் சின்னச் சின்னதாக உடைக்க வேண்டும் என்பது பாடம். அப்பாவிடம் பேசுவது ஒரு நாளில் முடியுமா, ஒரு ஜன்மத்தில் முடியுமா, நீயே சொல். அதைப் பதினொரு துண்டாக உடைத்தேன். முதல் துண்டு, அப்பா இருக்கும் அறைக்குள் போவது. இரண்டாவது, அங்கேயே நிற்பது. மூன்றாவது, அவர் நிமிர்ந்து "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாமல் இருப்பது. ஐந்து வாரமாக மூன்றாவதிலேயே நிற்கிறேன். ஒரே ஒரு தரம் "ஒண்ணுமில்ல" சொல்லவில்லை, பதிலுக்கு "தண்ணி வேணுமாப்பா?" என்று வந்துவிட்டது. அவர் வேணும் என்றார். ஒட்டடைக்குச்சி அதை அரை முன்னேற்றம் என்று கட்டத்தில் பாதிக்கு வண்ணம் அடித்தாள்.

அம்மாவைக் கேட்காமலே அம்மா பெயரை ஒரு வேலைக்குப் போட்டுவிட்டேன், உன் ஜன்னலுக்குத் திரை தைப்பது. தெரிந்ததும், "என்னைக் கேக்காம என் தலையில கட்டுறியாடி?" என்று ஒரு பாட்டு பாடினாள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தையல் மெஷின் சத்தம் கேட்டது. கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே திரை தயார். எங்கள் திட்டத்தில் நேரத்தோடு முடிந்தது அது ஒன்றுதான். அதை மாட்ட ஜன்னல்வரை போக வழியில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் வாரம் அப்பா சாமான் வாங்க வெளியூர் போனார். இதுதான் சமயம் என்று நானும் ஒட்டடைக்குச்சியும் ஏழு மோட்டாரைப் பின்பக்கம் இழுத்துப் போட்டோம். எட்டாவது அவள் காலில் விழுந்தது, அவள் உட்கார்ந்தாள், மழை வந்தது. கெட்டுப்போகக்கூடியவை என்ற கட்டத்தில் பல்லி, முதுகுவலி, அப்பா என்று எழுதியிருந்தோம், மழையை எழுதவில்லை. அப்பா வந்தார், பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஏழையும் துடைத்து, பல்பு கட்டித் தொங்கவிட்டு அந்தச் சூட்டில் ராத்திரியெல்லாம் காயவைத்து, திரும்ப உன் அறையிலேயே கொண்டுபோய் வைத்தார். கூடவே கடையிலிருந்து இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. வேலை முடிந்த அளவு மைனஸ் பன்னிரண்டரை சதவீதம் என்று ஒட்டடைக்குச்சி கணக்குப் போட்டாள். மறைக்காமல் அப்படியே எழுதச் சொல்லிவிட்டார் மிஸ்.

அப்புறம்தான் ஒன்று கண்டுபிடித்தோம். எதில் என்ன பழுது என்று பட்டியல் எடுப்பதற்காக ஒட்டடைக்குச்சி ஒன்றை ப்ளக்கில் மாட்டினாள். ஓடியது. அடுத்ததும் ஓடியது. பதினெட்டும் ஓடின. எல்லாம் ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் திரும்பி வந்து வாங்காமல் விட்டவை. வருஷா வருஷம் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போவாரே, அந்த வகை. இந்த வருஷம் அவர் இரண்டு தரம் வந்தாராம், அப்பா திருப்பி அனுப்பிவிட்டாராம். அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்த ரூம் காலியா கிடந்தா அவரால தாண்டிப் போக முடியல. ரொப்பி வச்சா கொஞ்சம் முடியுது. போய்ப் படி."

அக்கா, பயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பெற்றோர்கள் வந்து சார்ட்டுகளைப் பார்க்கும் நாள். என் மதிப்பெண் அட்டைக்குக்கூட வராத அப்பா இந்தத் தரம் தானே வருவதாகச் சொல்கிறார். சார்ட் மிஸ்ஸின் அலமாரியில் இருக்கிறது. ஒட்டடைக்குச்சி கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும் என்று கட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரி: "அப்பாவின் கோபம். நடக்க வாய்ப்பு: அதிகம். பாதிப்பு: மிக அதிகம். தடுக்கும் வழி: தெரியவில்லை." நீ கிளம்பின அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். "லிப்ட் ரிப்பேர்தான் பெரிசுன்னா போ. திரும்பி வந்து என் வாசல்ல நிக்காத." நீயும் சும்மா இருந்தாயா, "நிக்கமாட்டேன்" என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் நசுங்குவது நான். நாலு பேர் முன்னால் அவர் அந்த வரியைப் படித்தால் இனி உன் பேச்சையே வீட்டில் எடுக்க முடியாது.

அதனால் திட்டத்தை மூடிவிடப் போகிறேன். நடக்காத திட்டத்தைக் காரணம் எழுதி மூடுவதும் ஒரு வேலைதான் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். நாளைக்குச் சார்ட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்காரர்களோடு சேர்ந்துகொள்வேன். நீயும் வராதே. எனக்குப் பழகிவிட்டது. ப்யூஸ் போனால் இப்போது நானே போடுகிறேன், முதல் தரம் மட்டும் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டுப் போட்டேன். எங்கேயாவது லிப்ட் இருந்தால் உன் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் ஒரு தரம் மேலே போய்க் கீழே வருவேன். அவ்வளவுதான். மற்றபடி உன்னை அடிக்கடி நினைப்பதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. லிப்ட் குழியில் இறங்கும்போது மேலே ஒரு ஆளை நிற்க வை. அங்கே உன்னோடு தங்கியிருக்கும் அக்காமார்களுக்கு என் அன்பு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீ வணக்கம் சொன்னதாக நானே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திட்டத்தை மூடிய தங்கை

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. உறை எடுக்க உள்ளே போய்விட்டு வந்தால், தண்ணீர் குடிக்க வந்த அப்பா வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல் தாளைத் தூரப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் இருந்தார். முடித்துவிட்டு, பழுதான மோட்டாரைப் பற்றிக் கேட்கிற குரலிலேயே கேட்டார்: "இத்தனை வேலை போட்டிருக்கீங்களே. அவளுக்கு வர இஷ்டமான்னு கேக்கற வேலை எங்க?"

சார்ட் முழுக்க மனசுக்குள் தேடினேன். இல்லை, அக்கா. திரை இருக்கிறது, மெத்தை இருக்கிறது, பல்லிகூட இருக்கிறது. உன்னைக் கேட்பது எங்கேயும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை, ஒட்டடைக்குச்சிக்கும் தோன்றவில்லை, மிஸ்ஸும் கவனிக்கவில்லை. இல்லையே அப்பா என்றேன். தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "எழுதிக்க. என் பேர் போடு. வெள்ளிக்கிழமை" என்றார். போன் பண்ணுங்களேன் என்றேன். "போன்ல எனக்கு வராது. நேர்லயே போறேன்" என்றார்.

நீ எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். பரவாயில்லை, இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். விடிந்ததும் முதல் வேலையாக இதைத் தபாலில் போடுகிறேன், அவருக்கு முன்னால் உனக்கு வந்து சேர வேண்டும். வர இஷ்டமில்லை என்றால் அதை என்னிடம் சொல்லியனுப்பாதே, அவரிடமே சொல். ஆனால் உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, பஸ்ஸில் வந்த களைப்பு தீர்ந்தபின் சொல். இஷ்டம் என்றால் மட்டும் உடனே சொல்லிவிடு.