தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை கேட்ட மியூசிக் பிளேயர்

சிவகாசி,
ஐப்பசி முதல் வாரம்.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஹரிபிரசாத் அவர்களுக்கு,

மாமனார் சீனிவாசகம் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் அத்தை சுப்புத்தாய், புரட்டாசிக் கடைசியிலிருந்து எங்களோடு இருக்கும் தங்கள் மனைவி பிரீத்திகா ஆகிய மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பெங்களூரில் தாங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று தங்களுக்குத் தோன்றலாம். நம் வீட்டில் நான் பேசுகிற எந்தப் போனையும் சுப்புத்தாய் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவளே படிப்பாள். காகிதத்தில் எழுதினால் மட்டும், பட்டாசுக் கம்பெனிக்காரர் யாருக்கோ லேபிள் கொட்டேஷன் எழுதுகிறேன் என்று நினைத்து விலகிப் போய்விடுவாள். பிரஸ் நடத்துவதில் இப்படி ஒரு வசதி.

ஆடிக்குத் தாங்கள் வந்திருந்தபோது, தலைதீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மோதிரம் என்றேன், வேண்டாம் என்றீர்கள். கைக்கடிகாரம் என்றேன், மணி போனிலேயே தெரிகிறது என்றீர்கள். கடைசியில் மிகவும் கூச்சப்பட்டு, "நல்ல சவுண்ட் குவாலிட்டியா ஒரு மியூசிக் பிளேயர் இருந்தா போதும் மாமா" என்றீர்கள். பாட்டுதான் போனிலேயே வருகிறதே என்று கேட்டதற்கு, "போன்ல வர்றது பாட்டு இல்ல மாமா, பாட்டோட ஜெராக்ஸ்" என்றீர்கள். அந்த ஒரு சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜெராக்ஸ் கடைக்காரனை அச்சகத்துக்காரன் எந்தக் காலத்திலும் மதித்ததில்லை.

முதலில் விருதுநகரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துக் காட்டிய பெட்டியில் பாட்டு எல்லாம் ஏற்கனவே ஏற்றியிருந்தது. பக்திப் பாட்டு ஒரு பக்கம், சினிமாப் பாட்டு மறு பக்கம். "சவுண்ட் குவாலிட்டி எப்படி?" என்று கேட்டேன். "அண்ணாச்சி, இதுல டார்ச் லைட்டும் இருக்கு" என்றார். நான் மறுபடியும் சவுண்டைப் பற்றிக் கேட்டேன். "கரண்ட் போனா ரேடியோவும் பாடும்" என்றார். அவரை மேற்கொண்டு சோதிக்க மனமில்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில் இருந்த பையன் விஷயம் தெரிந்தவன். எம்பி3 என்றால் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பாட்டில் சிலதை வெட்டி எடுத்துவிடுவார்களாம். ஃபிளாக் என்று இன்னொன்று இருக்கிறதாம், அதில் எதையும் வெட்டுவதில்லை, ஆனால் இடம் நிறையப் பிடிக்குமாம். உள்ளே இருக்கிற சிப்பு, அதற்குத் தக்க இயர்போன், மெமரி கார்டு என்று அவன் சொல்லிக்கொண்டே போக, எனக்கு ஒரு இடத்தில் பளிச்சென்று விளங்கியது. நம் பிரஸ்ஸுக்கு வருகிற பார்ட்டிகள் வாட்ஸ்அப்பில் ஒரு மயில் படத்தை அனுப்பி, இதைப் பெரிய கிஃப்ட் பாக்ஸ் மூடி முழுவதும் அடித்துக் கொடுங்கள் என்பார்கள். அடித்தால் மயில் வராது, கட்டம் கட்டமாகப் புள்ளிதான் வரும். பாட்டிலும் அதே கதைதான் என்று தெரிந்ததும் அந்தப் பையன் கையில் இருந்ததையே வாங்கிவிட்டேன். இரண்டு தீப்பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற அளவு. கனமும் நன்றாக இருந்தது. பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

வைத்துப் பூட்டிய வாரத்தில் பிரீத்திகா பெரிய பையோடு வந்து இறங்கினாள். சீசன் நேரம், அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்க வந்தேன் என்று என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் அடுப்படியில், "அவுகளுக்கு நான் பேசுறது கேக்கல" என்று சொல்லி அழுதிருக்கிறாள். சுப்புத்தாய் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. அவள் நேரே என்னிடம் வந்து, "மாப்பிள்ளைக்குக் காது கேக்காதாம்ல. பொண்ணு பாக்க வந்தப்பவே நான் சந்தேகப்பட்டேன், வடை வேணுமான்னு கேட்டதுக்குச் சிரிச்சாக" என்றாள். அன்று முழுவதும் நம் வீட்டில் தாங்கள் செவிடராக இருந்தீர்கள். சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். சுப்புத்தாய் மதுரையில் நல்ல காது டாக்டர் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் இன்னும் சிலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் வரும்போது யாராவது உரக்கப் பேசினால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள்தான் பிரீத்திகா விளக்கமாகச் சொன்னாள். தாங்கள் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் காதில் இயர்போன் மாட்டியிருக்கிறீர்களாம். அவள் பேசும்போது தலையைத் தலையை ஆட்டுகிறீர்களாம். அவள் அதைச் சம்மதம் என்று நினைத்திருக்கிறாள். தாங்கள் ஆட்டியது தாளத்துக்கு. அவளுடைய ஆபீசுக்குப் பக்கமாக வேறு வீடு பார்த்துவிட்டு, இந்த வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று அவள் கேட்டதற்கும் தாங்கள் ஆட்டியிருக்கிறீர்கள், நன்றாகவே ஆட்டினீர்களாம். அவள் வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புதிதாகக் குடிவரப்போகிற குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது தாங்கள் துண்டோடு நின்றதாகவும், "எங்க வீட்டுக்குள்ள யாரு இவங்க எல்லாம்?" என்று எல்லோர் முன்னாலும் அவளைச் சத்தம் போட்டதாகவும் சொன்னாள். நான் யார் பக்கமும் பேசவில்லை. துண்டோடு நிற்கிற மனிதனின் கஷ்டமும் எனக்குத் தெரிகிறது. ஆனால் தலையாட்டியது தாங்கள்தான்.

இது இப்படி இருக்க, தீபாவளி வேட்டிகளை எடுத்து வைக்கப் பீரோவைத் திறந்த சுப்புத்தாய் பிளேயரைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரஸ்ஸுக்கு வாங்கிய மெஷின் சாமான் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பிரீத்திகா எட்டிப் பார்த்து, "அம்மா, இது பாட்டுக் கேக்குறது. அவுக போன்ல தினமும் இதோட படத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக" என்றாள். சுப்புத்தாய் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "புள்ள எதுனால கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நிக்குறாளோ, அதையே வாங்கிப் பூட்டி வச்சிருக்கீகளே, நீங்களெல்லாம் ஒரு தகப்பனா? நாளைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். பிளேயர் வாங்கியது மகள் வருவதற்கு முன்னால் என்ற நியாயம் அங்கே எடுபடவில்லை. கடைக்குப் போன் செய்தால், பெட்டியைப் பிரித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம், சத்தத்தில் ஏதாவது குறை இருந்தால் மட்டும் ஒரு வாரத்துக்குள் கொண்டுவரலாம் என்றார்கள். அன்றிலிருந்து நம் குடும்பம் முழுவதும் குறை தேட உட்கார்ந்தது.

குறை தேட எனக்குத் தெரியாது என்பதால், ஆமத்தூரில் மைக்செட் வைத்திருக்கும் அய்யாதுரையை வரவழைத்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் குழாய் கட்டுகிறவர். தன்னிடம் இருந்த மெமரி கார்டை அவரே அதில் போட்டார். இயர்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அடியே இல்ல. பாட்டுன்னா வயித்துல வந்து இடிக்கணும்" என்றார். ஈக்வலைசர் என்று ஒன்று இருக்கிறதே, ஏற்றி இறக்குகிற கோடுகள், அதில் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டார். பிறகு நான் கேட்டபோது யாரோ மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. சுப்புத்தாயும் கேட்டாள். "கெடச்சிருச்சு குறை!" என்று கை தட்டினாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. மறுநாள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அந்தப் பையன் கோடுகளையெல்லாம் சமமாக இறக்கினான். காது ஓட்டைக்குச் சேருகிற மாதிரி இயர்போனுக்கு வேறு ரப்பர் மாட்டினான். சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே வைத்தான். அய்யாதுரையின் கார்டைக் கழற்றித் தன் கார்டைப் போட்டு என் காதில் வைத்தான். வீணைக்காரர் நரம்பில் விரலை நகர்த்துகிற கீச்சுச் சத்தம்கூடக் கேட்டது. "சார், அந்தக் கார்டுல இருக்குறது பத்துப் பேரு கை மாறிக் காப்பி அடிச்ச பாட்டு. பிளேயர்ல ஒண்ணுமில்ல. வெட்டாத பாட்டாப் போட்டுக் கேட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டான்.

வெட்டாத பாட்டுக்கு எங்கே போவது? நம் வீட்டில் யாரிடமும் இல்லை. அப்போது பிரீத்திகாதான், "கல்யாண வீடியோ எடுத்த ராஜபாண்டியன் அண்ணங்கிட்ட நாதஸ்வரம் ரெக்கார்டு பண்ணது இருக்கும்ல. அதைப் போடுங்க. நான் அங்கனயே உக்காந்து கேட்டவ. அதுல ஒரு சத்தம் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சுருவேன்" என்றாள். ராஜபாண்டியன் ஆல்பம் அட்டை அடிக்க நம் பிரஸ்ஸுக்குத்தான் வருவார். மணமேடையில் ஒரு ரெக்கார்டரைத் தனியாக வைத்திருந்தாராம். அதில் பதிந்ததை அப்படியே கார்டில் போட்டுக் கொடுத்தார். பிரீத்திகா குறை கண்டுபிடிக்கிற முகத்தோடு இயர்போனை மாட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து லேபிள் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரீத்திகா வெகுநேரம் கேட்டாள். நிறுத்தினாள், பின்னால் தள்ளினாள், மறுபடியும் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தால் கண் இரண்டும் சிவந்திருந்தது. ரப்பர் காதை அழுத்துகிறதோ என்று நினைத்து, "என்னம்மா, குறை கெடச்சுதா?" என்றேன். இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். எனக்குக் கெட்டிமேளம்தான் கேட்டது. "மேளத்தை விட்டுருங்கப்பா. இடது பக்கமாக் கேளுங்க" என்றாள். கேட்டேன். மேளத்துக்கு அடியில், மிக மெல்லிசாக, தங்கள் குரல். "காலு மரத்துப்போச்சா?" கொஞ்சம் கழித்து மறுபடியும், "பிரீத்தி, காலு மரத்துப்போச்சா?" பதில் இல்லை. பிறகு தாங்கள் யாரிடமோ, "ஏலே, ஒரு தலகாணி கொண்டாலே, இவ காலை மாத்தி மாத்தி வைக்கிறா" என்கிறீர்கள். தலையணை வந்ததாகத் தெரியவில்லை. தாங்கள் சொன்னது அந்த மேளத்தில் அவனுக்கும் கேட்டிருக்காது.

"அவுக கேட்டிருக்காகப்பா. எனக்குத்தான் கேக்கல" என்றாள்.

சுப்புத்தாயும் வாங்கிக் கேட்டாள். அவளுக்கு முதலில் தன் சொந்தத் தங்கச்சி பந்தியில் பாயசம் போதாது என்று யாரிடமோ குறை சொன்னதுதான் கேட்டது. அதற்கு அவள் தனியாக ஒரு சண்டை போட இருக்கிறாள். பிறகு தங்கள் குரலைத் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாள். "போன்ல எத்தன தடவ கல்யாண வீடியோ பாத்திருப்பேன், இது கேக்கலையே" என்றாள். வாட்ஸ்அப்பில் வந்ததை நான் எப்போதுமே நம்புவதில்லை என்றேன். "சரி சரி, அந்தச் சாமானைத் திருப்பிக் குடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, நிலவரம் இதுதான். பிளேயர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பிரீத்திகாவுக்குக் கோபம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, ஆனால் தானாகக் கிளம்பிவர ரோஷம் விடவில்லை. தாங்கள் தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் வந்துவிடவும். வந்ததும் காதில் எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சநேரம் வாசலில் நிற்கவும். துண்டோடு நின்றபோது சத்தம் போட்டதற்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும். அவள் பேசும்போது ஒரு காதிலிருந்தாவது இயர்போனைக் கழற்ற வேண்டும், தலையை ஆட்டக் கூடாது, வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் சொல்கிற நிபந்தனை. அதற்குத் தாங்கள் சரி என்று, வாயால், சொல்லவும். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பெரியவர்கள் முன்னிலையில் நானே பிளேயரைத் தங்கள் கையில் கொடுக்கிறேன். சவுண்டைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். ஈக்வலைசரை அய்யாதுரையிடம் காட்டாதீர்கள். புது வீடு தேடும் வேலை தங்களுடையது. குடிவரப்போகிறவர்கள் நல்ல மாதிரி என்று பிரீத்திகா சொல்கிறாள். இந்தக் கடிதம் எழுதியது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம்.

சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் எங்கள் வணக்கம். எல்லா நலமும் பெற்று, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

அன்புள்ள மாமனார்,
சீனிவாசகம்

பின்குறிப்பு: கூரியர்க்காரருக்காகக் கவரை ஒட்டப் போன சமயம், பிரீத்திகா பையோடு வந்து நின்று, மாலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், பெங்களூர் போகிறேன், அவரிடம் சொல்ல வேண்டாம், கதவைத் திறக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். பிளேயரையும் எடுத்துக்கொண்டாள். தலையணை ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். உடனே தங்களுக்குப் போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவள் வந்துவிடுவாள். ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், படித்தவுடன் கிழித்துவிடவும். பரிசுதான் இப்போதே வந்துவிட்டதே, தீபாவளியன்று வெறுங்கையோடு நிற்க என்னால் முடியாது. ஆகவே என்ன வேண்டும் என்று மறுபடியும் யோசித்துச் சொல்லவும். சத்தம் வராத சாமானாக இருந்தால் நல்லது.