தோசை போலப் புரண்ட சதுப்பு நிலம்

ஒழுங்கான மனிதர்களால் உலகத்துக்கு விளைந்த சேதத்தை யாரும் கணக்கெடுத்ததில்லை. என் பங்கை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், காக்ஸ் டவுன் வீட்டில் எது நடந்தாலும் கிழமை, மணி, நிமிடத்தோடு நோட்டில் எழுதிவைப்பேன் (பால்காரரின் தும்மல் உட்பட). என் தங்கை ரூபியின் கணவர் அருள், நிலவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மங்களூருக்கு வடக்கே ஒரு கடலோரச் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று தோண்டி, இரண்டு டப்பாக்களில் கறுப்பு மண் கொண்டுவந்தார். பீட் என்று பெயர். இலையும் வேரும் தண்ணீருக்கடியில் பல்லாயிரம் ஆண்டு பாதி மக்கிக் கிடந்து உண்டான மண். ஒரு டப்பாவில் மேலடுக்கு, மற்றதில் கீழடுக்கு. அதில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து பம்பாய் ஆய்வுக்கூடம் வயது சொல்லும். அந்த இரண்டு வயதுகளை நம்பித்தான் அவருடைய டாக்டர் பட்டம் நின்றது.

மைசூரில் அவருக்குப் பத்து நாள் வேலை வந்தது. டப்பாக்களை என்னிடம் ஒப்படைத்தார்.

"மச்சான், மூடியைத் திறந்து வைங்க, காயட்டும். வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

"யார்கிட்ட சொல்றீங்க மாப்பிள்ளை!" என்றேன்.

கைக்குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டேன். நானே பொட்டலம் கட்டிப் பம்பாய்க்கு அனுப்பிய மண்ணுக்குச் சில மாதம் கழித்துப் பதில் வந்தது: மேலடுக்கு கீழடுக்கைவிடப் பல ஆயிரம் ஆண்டு மூத்தது! மாடியைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் போட்டதுபோல.

நானாயிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அருள் பரவசப்பட்டார். "பூகம்பம் மச்சான்! கரையையே தோசை மாதிரி திருப்பிப் போட்டிருக்கு!" ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் புதுக் கொள்கை ஒன்றை எழுதினார். அதைத் துறைப் பேராசிரியர்கள் முன் படிக்கும் நாளில் ரூபியும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

மூத்த பேராசிரியர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லாம் கேட்டுவிட்டு, "நடுவுல மண்ணு யார்கிட்ட இருந்தது?" என்றார்.

"என் மச்சான்கிட்ட சார். நிமிஷத்துக்கு நிமிஷம் குறிப்பு வெச்சிருக்கார்."

என்னை மேடைக்கு அழைத்தார்கள். வாழ்க்கையில் முதல் மேடை. கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கணீரென்று படித்தேன்.

"செவ்வாய், காலை ஏழு பத்து. மேலடுக்கில் எறும்பு. மண்ணெண்ணெய் நான்கு ஸ்பூன் தெளிக்கப்பட்டது. ஏழு பதினைந்து. எறும்பு இல்லை."

அருளின் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. கைதட்டல் தாமதமாகிறது என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"வியாழன், மாலை நான்கு. கீழடுக்கு உதிர்கிறது. சட்டைக்குப் போடும் அரிசிக் கஞ்சி அரை டம்ளர் ஊற்றிப் பிசைந்து, செங்கல் வடிவில்..."

"சாகு ஸ்வாமி, சாகு!" என்று பேராசிரியர் கையை உயர்த்தினார். போதுமாம். "மண்ணெண்ணெய்க்கு வயசு கோடி வருஷம். அதுல அளக்கறதுக்குக் கதிரியக்கக் கார்பனே மிச்சமிருக்காது. அது பட்ட மண்ணு கிழமாத் தெரியும். உங்க அரிசி போன வருஷத்து அறுவடை. அது சேர்ந்த மண்ணு குழந்தையாயிடும். பூகம்பம் சதுப்புல இல்லை, உங்க வீட்ல!"

"அண்ணா, உட்கார்றியா?" என்றாள் ரூபி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அருள் அடுத்த கோடையில் மறுபடி சேற்றில் இறங்கினார். பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது, ஆனால் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், பேராசிரியர்கள், படகுக்காரர்கள், மனைவி என எல்லாருக்கும் பிறகு, கடைசியாக ஒரு வரி: "இரண்டாம் முறை எடுத்த மாதிரிகளைத் தொடாமல் இருந்ததற்காக என் மைத்துனருக்கு."

அச்சில் என்னைப் பற்றி வந்தது இது ஒன்றுதான். இன்றும் ஞானஸ்நான விருந்தானாலும் கல்யாணமானாலும், கேக்கை வெட்டுவதற்கு முன் ரூபி கூட்டத்தைப் பார்த்து அறிவிக்கிறாள்:

"அண்ணன் தொடலை. தைரியமாச் சாப்பிடுங்க."