குச்சிப் பரீட்சை

பனி உருகுவதற்குள் என் மனைவி கொரினைக் குச்சியாலேயே தோற்கடிப்பது என்று சபதம் எடுத்தேன்.

காரணம் என் புல்தரை. வீட்டு முன்னால் ஜமுக்காளம் விரித்த மாதிரி இருக்கும். எங்கள் கொலராடோவில் மழை, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. வாசல்வரை வரும், உட்காராமல் போய்விடும். கோடையில் தண்ணீர் பாய்ச்ச நகராட்சி நாள் குறித்துக் கொடுக்கும். அந்த நாளில் நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குழாயோடு நிற்பேன். கொரினுக்கு இது பிடிக்காது. புல்லைப் பெயர்த்துவிட்டு, தண்ணீர் கேட்டு நச்சரிக்காத புதர்களாக நட வேண்டும் என்பாள்.

ஜனவரியில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அவளுடைய லைலாக் பூச்செடி பட்டுப்போய்விட்டதே என்று ரம்பத்தால் அறுத்து, அழகாகக் கட்டியும் வைத்தேன். கொரின் வந்து பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

“தூங்கிட்டு இருந்ததை அறுத்திருக்க.”

“இலையே இல்லையே கொரி.”

“உன் உச்சியிலகூடத்தான் முடி இல்ல. நான் உன்னை அறுத்தேனா?”

பந்தயம் அங்கேயே பிறந்தது. குளிர்காலம் முடியும்போது அவள் ஒரு கட்டு மொட்டைக் குச்சி தருவாள். எது எந்தச் செடி என்று அத்தனைக்கும் பெயர் சொல்லிவிட்டால் முன்வாசலில் என் சொல்தான் சட்டம். ஒன்று தவறினாலும் புல் போகும்.

இலையில்லாத செடிகளை அடையாளம் காண நூலகத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. நடத்தியவர் பக்கத்து வீட்டு ஹாகன் அம்மா. எங்களைப் பனிக்குள் கூட்டிப்போய், மொட்டுகள் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா, இலை விழுந்த தழும்பு என்ன வடிவம் என்றெல்லாம் பார்க்கச் சொன்னார். முதலில் எனக்கு எல்லாமே விளக்குமாற்றுக் குச்சியாகத் தெரிந்தது. போகப்போக ஒன்றின் சிவப்பும், இன்னொன்றின் வெள்ளைப் பட்டையும், விதைக்கு வால் வைத்திருந்த ஒன்றும் கனவில் வர ஆரம்பித்தன. தெருவில் நின்று அடுத்தவர் வேலியை முகர்ந்தேன். நாய்கள் என்னைப் பங்காளியாகப் பார்த்தன.

மார்ச்சில் சமையல் மேசையில் பரீட்சை. ஹாகன் அம்மா நடுவர். குச்சி குச்சியாக எடுத்தேன், பெயர் பெயராக விழுந்தது. கடைசிக் குச்சியில் மொட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. கொரின் சிரித்தாள். நான் ஒடித்து முகர்ந்தேன். ஆளைத் தூக்கியடிக்கும் வாடை.

“நாத்தப் புதர்,” என்றேன்.

“எல்லாமே சரி, ரோலண்ட் தம்பி,” என்றார் ஹாகன் அம்மா.

வெற்றிவீரனாக வாசலுக்கு வந்து என் ராஜ்ஜியத்தைப் பார்வையிட்டேன். புல். காய்ந்த புல். ஒரே மாதிரி புல். மொட்டு இல்லை, தழும்பு இல்லை, ஒடித்து முகர ஒன்றும் இல்லை. இவ்வளவு படித்துவிட்டு இதையா பார்த்துக்கொண்டு நிற்பது?

“கொரி, இந்தப் புல்லைத் தூக்கிடலாம். புதர் வைக்கலாம்.”

“உன் புல்லாச்சேப்பா. நல்லா யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சு. என் சொல்தான் சட்டம். நாளைக்கே தோண்டறேன்.”

“ஜெயிச்சவன் சொல்ற. நான் என்ன பேச முடியும்.”

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். தோற்றவள் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

திரும்பி வந்தவள் கையில் புத்தம்புது மண்வெட்டி, ஒரு ஜோடி கையுறை. போட்டுப் பார்த்தேன். என் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

“இதெல்லாம் எப்ப வாங்கின?”

“நவம்பர் தள்ளுபடியில,” என்றாள் கொரின்.